பரணிலிருந்து குறிபார்த்தல்

ராமாபுரம் மாதேசுவர மலைக்கு அண்மையிலுள்ள ஊர். அஃது அடங்கிய கொள்ளேகால் பகுதி 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதன்பின் மைசூர் மாவட்டத்திலும், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்திலும் அடங்கியது. காடும் விளைநிலமும் அடுத்தடுத்துக் கிடக்கும் இத்தகைய மலையடிவாரங்களில், யானையும் பன்றியும் பயிரை அழிக்காதவாறு உழவர் மரத்தின்மீது பரண் கட்டி இரவில் காவல் இருப்பர். சங்க நூல்கள் இதணம் எனக் கூறுவதும் இத்தகைய பரணையே.

முன்னாளில் பரண் வேட்டைக்கும் பயன்பட்டது. மான் வரும் தடத்தை நோக்கி வேடர் அதன்மேல் வில்லுடன் காத்திருப்பர். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடை செய்துவிட்டது. ஆயினும், அவ்வேடர் எதிர்கொண்ட வினா மறைந்துவிடவில்லை. ஊருக்குள் புகுந்த விலங்கைத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி பெற்று, கால்நடை மருத்துவர் மயக்க ஊசி எய்து பிடிக்கும்போது, அவர் பல வேளைகளில் மேட்டிலோ மாடியிலோ மரத்திலோ நிற்க நேர்கிறது. மேலிருந்து எய்யும்போது குறி ஏன் தவறுகிறது என்பதே அவ்வினா.

கீழ்நோக்கி எய்தால் புவியீர்ப்பு மேலும் இழுக்கும், ஆகையால் அம்பு குறிக்குக் கீழே விழும் என்று பலர் எண்ணுவர். உண்மை இதற்கு மாறானது; அம்பு குறிக்கு மேலே செல்லும். கிணற்றின் மேல் நின்று நேர்கீழே எறியப்படும் கல் எப்பக்கமும் வளைவதில்லை. புவியீர்ப்பு அதன் பாதையோடு ஒத்திருப்பதால், வேகத்தைக் கூட்டுமேயன்றிப் பாதையை வளைக்காது. சமதரையில் எய்த அம்பிலோ அவ்விசை முழுவதும் பாதையை வளைக்கிறது. எறிபொருள் செல்லும் இவ்வளைபாதை பரவளைவு என்பதைக் கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். சாய்வாக எய்யும்போது விசையின் ஒரு பகுதியே வளைவை உண்டாக்கும்.

ஓர் எடுத்துக்காட்டால் இது தெளிவாகும். எய்பவரின் கண் தரையிலிருந்து 6 மீட்டர் உயரத்திலும், குறி மரத்தடியிலிருந்து 8 மீட்டர் தொலைவிலும் உள்ளதாகக் கொள்வோம். சாய்வுத் தூரம் 10 மீட்டர். அம்பின் வேகம் வினாடிக்கு 50 மீட்டராயின், அங்குச் சென்றடைய 0.2 வினாடி ஆகும். சமதரையில் அந்நேரத்தில் அம்பு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் தாழும். சாய்பாதையிலோ, பார்வைக்கோட்டிலிருந்து விலகும் அளவு அதில் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 16 சென்டிமீட்டரே. ஆகவே, 10 மீட்டருக்கு உரியவாறு குறிவைத்தவரின் அம்பு 4 சென்டிமீட்டர் மேலே படும். 8 மீட்டருக்கு உரியவாறு வைத்திருந்தால் குறி தவறியிராது. மேல்நோக்கி எய்வதற்கும் இவ்விதியே பொருந்தும்.

மயக்க ஊசி துப்பாக்கிக் குண்டைவிட மிக மெதுவாகச் செல்வது. அதன் வேகம் வினாடிக்கு 40 மீட்டர் என்றும், மலைச்சரிவில் உயரம் 15 மீட்டர், கிடைத்தூரம் 20 மீட்டர், சாய்வுத் தூரம் 25 மீட்டர் என்றும் கொண்டால், பிழை ஏறத்தாழ 38 சென்டிமீட்டராகும். தொடைத்தசையில் பட வேண்டிய ஊசி இடுப்பெலும்பில் படலாம்; அன்றி விலங்கைத் தாண்டியும் போகலாம். வெருண்ட விலங்கு கூடியிருக்கும் மக்கள்மீது பாய்வதும் உண்டு.

எனவே களப்பணியாளர் மனத்திற்கொள்ள வேண்டியவை சில. கண்ணால் காணும் சாய்வுத் தூரத்தை நம்பலாகாது, கிடைத்தூரத்தையே கொள்க. பரணில் ஏறுமுன், மரத்தடியிலிருந்து அடியளந்து 10, 15, 20 மீட்டர்களில் அடையாளம் இடுக. குறிபார்க்கும்போது கையை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பிலிருந்து உடலை வளைத்தல் நன்று. கையைத் தாழ்த்தினால் தோளும் வில்லும் கொண்டுள்ள நிலை மாறிவிடும். பரண் மிக உயர்ந்திருப்பதும் தீது. ஊசி தோலுக்குச் செங்குத்தாகத் தைக்க வேண்டும். செங்குத்துக்குக் கீழே நிற்கும் விலங்கின் முதுகெலும்பே எய்பவருக்கு எதிரே தோன்றும், தடித்த தசை மறைந்துவிடும். விலங்கு சற்று விலகிச் செல்லும்வரை பொறுத்தலே தக்கது.

ஆசிரியர்கள் இதனைப் பள்ளி மாடியிலேயே காட்டலாம். கைப்பிடிச் சுவரிலிருந்து தரையிலுள்ள ஒரு கல்வரை கயிறு கட்டி அளக்கச் செய்க. பின்னர்த் தூக்குநூல் தொடும் இடத்திலிருந்து அக்கல்வரை தரையில் அளக்கச் செய்க. அம்புக்கு வேண்டியது எந்த அளவு என மாணவரை முதலில் ஊகிக்கவிட்டு, மேற்கூறிய கணக்கைப் பின்னர்ப் போட்டுக் காட்டுக. பிதகோரசின் தேற்றம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று, ஓர் உயிரைக் காக்கவும் பயன்படுவது என்பதை அவர்கள் அப்பொழுது உணர்வர்.