உப்பளத்து வண்டியும் பெரிய டயரும்

உப்பும் வண்டியும் தொன்றுதொட்டுப் பிரியாத தோழமையுடையன. கடற்கரையில் விளைந்த உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்ற உமணர், மேடும் பள்ளமும் வழியில் என்ன செய்யுமோ என்றஞ்சி, வண்டியின் கீழே மற்றோர் அச்சையும் கட்டிச் சென்றனர். ஔவையார் அவ்வச்சையே அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு உவமையாக்கினார் என்பது புறநானூறு கற்றோர் அறிந்தது. இக்காலத்து மோட்டார் வண்டியிற் காணும் ஸ்டெப்னிச் சக்கரத்திற்கு அதனை மூதாதை எனலாம். வண்டி மாறியும் வழி மாறவில்லை. வழி பற்றிய கவலையும் மாறவில்லை.

விழுப்புரம் மாவட்டத்து வானூரில் எம் சிறிய தந்தையார் பிக்கப் வண்டியொன்று வைத்துள்ளார். தை மாதம் பிறந்து பாத்திகள் திருத்தப்பட்டு, வெயில் ஏறி உப்பு விளையத் தொடங்கியதும், அவர் மரக்காணம் உப்பளங்களினின்று மூட்டைகளை ஏற்றிக் கரை சேர்ப்பார். கிழக்குக் கடற்கரைச் சாலை செவ்விய சாலை. அதனைவிட்டு அளத்து வரப்பில் இறங்கியபின்னரே வண்டியின் துன்பம் தொடங்கும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு புதுச்சேரியருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் இவ்வட்டாரத்தை வெள்ளக்காடாக்கியது. அதன்பின் வரப்பு வழிகள் கரைந்து, இருபுறமும் சக்கரத் தடம் ஆழ்ந்து, நடுவில் மண்மேடு நின்றது. அம்மேட்டில் வண்டியின் பின்னச்சு உரசியது. சேற்றில் சக்கரம் வழுக்கிச் சுழன்றது.

விடுமுறைக்குச் சென்றிருந்த எம்மிடம் அவர் கேட்டார்: “தம்பி, நீ பௌதிகம் படிக்கிறவன். இதே டிஸ்கில் இன்னும் பெரிய டயராகப் போட்டால் வண்டி உயர்ந்து நிற்குமல்லவா? டயர்க் கடையில் கேட்டேன், பூட்டித் தருகிறேன் என்கிறார்கள்.” நான்கு டயர்களின் விலையோ அவர் இரண்டு மாதத்துக் கடன் தவணைக்கு மேற்பட்டது. ஆதலின் விடை கூறுமுன் அளந்து பார்ப்பதே முறையென அளவு நாடாவுடன் இறங்கினோம். அவ்வாறு கற்றவற்றை ஈண்டு நம் மாணவ நேயர்கட்கு உரைப்போம்.

டயரின் மேலெழுத்து

டயரின் பக்கத்தில் 215/75 ஆர் 15 என்பது போன்ற எழுத்துக்கள் இருக்கும். முதலெண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. ‘ஆர்’ என்னும் எழுத்து டயரின் உள்ளிழைகள் ஆரவாக்கில் அமைந்தன எனக் காட்டும். பிரெஞ்சு நாட்டு மிஷெலின் கம்பெனியார் 1946-ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற அமைப்பு இது. இறுதியெண் டயர் அமரும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

எனவே டயரின் முழு விட்டத்தைக் கடைக்குப் போகாமலே கணிக்கலாம். 215-இல் நூற்றுக்கு 75 பங்கு 161.25 மில்லிமீட்டர். இது மேலும் கீழுமாக இருமுறை வருதலின் 322.5. பதினைந்து அங்குலம் 381 மில்லிமீட்டர். இரண்டையும் கூட்ட 703.5 மில்லிமீட்டர் விட்டமாகும். எம் சிறிய தந்தையார் விரும்பியது 235/75 ஆர் 15. அதனை இவ்வாறே கணக்கிட 733.5 மில்லிமீட்டர் வரும். வேற்றுமை 30 மில்லிமீட்டர்.

ஆயின் வண்டி 30 மில்லிமீட்டர் உயராது. அச்சு சக்கரத்தின் நடுவில் இருத்தலால், விட்டத்தின் வளர்ச்சியிற் பாதியே அச்சுக்கு உயரமாகக் கிட்டும். அஃது 15 மில்லிமீட்டர், ஒரு விரற்கடைக்குங் குறைவு. கமான் பட்டைகளைக் கூட்டினால் வண்டியின் உடல் உயருமேயன்றிப் பின்னச்சு உயராது. அச்சை உயர்த்துவது டயர் ஒன்றே என்று சிறிய தந்தையார் எண்ணியது முற்றும் சரியே. அவ்வுயரத்தின் விலை யாது என்பதே வினா.

ரிம்மின் அகலம்

ரிம்மின் விட்டம் ஒத்தால் டயர் ஏறிவிடும். ஆயினும் ஏறுவதெல்லாம் பொருந்துவதன்று. ரிம்மிற்கு அகலமும் உண்டு. இதனை வெளி விளிம்பினின்று அளத்தல் பிழை. டயரின் விளிம்புகள் அமரும் உட்பக்கங்களுக்கிடையே அளத்தல் வேண்டும். பெரும்பாலும் அவ்வெண் ரிம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். துருவைச் சுரண்டிப் பார்த்தபோது யாம் கண்டது 5½ ஜே என்பது.

டயர் செய்வோர் வெளியிடும் அட்டவணைகளில் 215/75 ஆர் 15 டயருக்கு 5½ முதல் 7 அங்குலம் வரையும், 235/75 ஆர் 15 டயருக்கு 6 முதல் 8 அங்குலம் வரையும் அகலமுள்ள ரிம்கள் பொதுவாக ஏற்கப்படும். ஆகவே இருக்கும் டிஸ்க் பழைய டயருக்கே கீழெல்லையில் நிற்பது; புதியதற்கோ எல்லைக்குப் புறம்பானது. குறுகிய ரிம்மில் அகன்ற டயரைப் பூட்டினால், அதன் இரு விளிம்பும் உள்நோக்கி இழுபட்டு, நடுப்பகுதி வில்போற் புடைக்கும். நடுப்பட்டன் விரைந்து தேயும். பக்கச்சுவர் நிமிர்ந்து நில்லாது அசையும். வளைவில் சுமையுடன் திரும்பும் வண்டி ஊசலாடும். அகலத்தை நாடி வாங்கியவனுக்கு அவ்வகலத்தின் பயன் முழுதும் கிட்டாமற் போம்.

உரசும் இடம்

அடுத்து, டயரைச் சுற்றியுள்ள இடத்தை நோக்குவோம். புதிய டயர் 20 மில்லிமீட்டர் அகன்றது. உட்பக்கம் 10, வெளிப்பக்கம் 10 என அவ்வகலம் பிரியும். வண்டி நேரே நிற்கும்போது பார்த்துப் போதிய இடமுண்டென்று முடிவு செய்தல் ஆகாது. சுமையேற்றிய வண்டியின் ஒரு முன்சக்கரத்தைக் கல்லின்மேல் ஏற்றி, ஸ்டியரிங்கை ஒருபுறம் முற்றத் திருப்பிப் பார்க்க வேண்டும். பின் மறுபுறம் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்ஙனம் செய்தபோது, வண்டிச் சட்டத்திற்கும் பழைய டயருக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடமே எஞ்சியிருந்தது. டயர் உரசி அறுபடுவது வெற்றுச் சாலையிலன்று; பாரத்தோடு பள்ளத்தில் இறங்கித் திரும்பும் வேளையிலேயே என்பதை நினைவிற்கொள்க.

எஞ்சினும் வேகமானியும்

சக்கரம் பெரிதாயினும் எஞ்சின் பழையதே. அச்சின் முறுக்குவிசை மாறாதிருக்க ஆரம் வளர்ந்தால், தரையைத் தள்ளும் விசை அவ்வளவிற்குக் குறையும் என்பது பௌதிக மாணவர் யாவரும் அறிந்த நெம்புகோல் விதி. நம் கணக்கில் இக்குறைவு நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கு. பாத்தியினின்று வரப்புக்கு முதற் கியரில் ஏறத் திணறும் வண்டிக்கு இஃது இழப்பே. பிரேக்கும் அவ்வளவே வலுக் குன்றும்.

வேகமானியும் நம்மை ஏமாற்றும். அது சக்கரத்தின் சுற்றுக்களை எண்ணுவதேயன்றிச் சாலையை அளப்பதன்று. முள் 60 கிலோமீட்டரைக் காட்டும்போது மெய்யான வேகம் 62.6 ஆகும், 1,000 கிலோமீட்டர் ஓடியதாகக் காட்டும்போது வண்டி 1,043 கிலோமீட்டர் ஓடியிருக்கும். இதனை அறியாதவன் டீசல் மிகுதியாகச் செலவாகின்றதென்று எஞ்சினைப் பழிப்பான்.

சுமையும் சட்டமும்

டயரின் பக்கத்தில் மற்றோர் எண்ணும் உண்டு. அது சுமைக் குறியீடு. 100 என்றிருப்பின் அந்த டயர் 800 கிலோகிராம் தாங்கும்; 105 எனின் 925; 109 எனின் 1,030. காருக்குச் செய்த டயர் அகன்றிருப்பினும் சுமை வண்டிக்குச் செய்த டயரின் வலி அதற்கு இராது. ஆதலின் பருமனைக் கண்டு மயங்காது இவ்வெண்ணையே நோக்குக. அன்றியும், டயரின் வலி மிகுந்ததனால் அச்சும் கமானும் பிரேக்கும் வலி மிகுந்தனவாகா. மெல்லிய மயிற்பீலியையும் அளவிறந்து ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவனார் வலியறிதலில் வைத்த உவமை, உப்பு மூட்டைக்கு இன்னும் நன்கு பொருந்தும்.

சட்டமும் இதனையே வற்புறுத்துகின்றது. உற்பத்தியாளர் முதலிற் குறித்தவற்றினின்று பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாதென 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விதிக்கின்றது. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இப்பிரிவை இறுக்கமாகப் பொருள்கொண்டு தீர்ப்பளித்தது. எனவே, ஒரு வண்டிக்கு உற்பத்தியாளர் எவ்வெவ் வளவுகளை ஏற்றுள்ளார் என்பதைக் கையேட்டில் பார்த்த பின்னரே டயர்க் கடையை அணுகுதல் நலம். விபத்து நேர்ந்தபின் இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு வழக்காடுதல் ஏழைக்கு இயல்வதன்று.

யாம் கண்ட குறை

இவ்வளவும் அளந்தபின், பழைய டயர் ஏன் வழுக்கிற்று என்றும் ஆராய்ந்தோம். பின் டயர்களில் இருக்கவேண்டிய காற்று 65 பவுண்டு, இருந்ததோ 40. ஆணியும் இல்லை, பஞ்சரும் இல்லை. டயரைக் கழற்றியபோது காரணம் வெளிப்பட்டது. உப்புநீர் ரிம்மின் உள்விளிம்பை அரித்து, துரு செதில்செதிலாய் எழும்பி நின்றது. அதன் வழியே காற்று நாள்தோறும் சிறுகச் சிறுகக் கசிந்தது. காற்றுக் குறைந்த டயர் சுமையுடன் ஓடினால் ஓரங்களே தரையைத் தாங்கும். ஆதலால் ஓரப்பட்டன்கள் 2 மில்லிமீட்டர் ஆழமேயாகத் தேய்ந்திருந்தன. இவ்வகை வண்டிகளுக்குச் சட்டம் வேண்டுவது 1.6 மில்லிமீட்டரே, ஆயினும் சட்டத்திற்குப் போதுவது சேற்றிற்குப் போதாது.

ரிம்மைக் கம்பித் தூரிகையாற் சுரண்டி, வர்ணம் பூசி, டயரை மீண்டும் ஏற்றி 65 பவுண்டு காற்றடைத்தோம். அதே சுமையோடு அளந்தபோது பின்னச்சு 11 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது! பெரும்பொருள் கொடுத்துப் பெற எண்ணிய 15 மில்லிமீட்டரில் 11, இழந்த காற்றிலேயே அடங்கியிருந்தது. சிறிய தந்தையார் நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார். பின், “காற்றுக் கடைக்காரன் இதற்குக் காசே கேட்கவில்லையே, தம்பி” என்றார்.

செய்யத் தக்கவை

அவர் மேற்கொண்டவற்றைத் தொகுத்துரைப்போம். பின்னச்சுக்கு மட்டும் அதே அளவில், கட்டை ஆழ்ந்து சேற்றைக் கடிக்கும் பட்டனுள்ள இரண்டு டயர்கள் வாங்கினார், செலவு பாதியாயிற்று. அளத்தினின்று வீடு திரும்பியதும் சக்கரங்களையும் நட்டுகளையும் நன்னீரிற் கழுவும் வழக்கத்தைக் கைக்கொண்டார். சான்றிதழ் அனுமதித்ததற்கு மேல் ஏற்றிவந்த 6 மூட்டைகளை நிறுத்தினார். இஃது ஒன்றே அவருக்கு மனவருத்தந் தந்தது. நடைக்கு 300 கிலோகிராம் கூலி குறைகின்றதன்றோ? ஆனால் சேற்றிற் புதைந்து டிராக்டரை அழைக்கும் நாட்களின் செலவை எதிரே எழுதிக் காட்டியபின் இசைந்தார்.

மென்மண்ணில் சிறிது காற்றை இறக்குதலும் உதவும். ஒரு சக்கரத்தின்மேல் 600 கிலோகிராம் நிற்க, காற்றின் அழுத்தம் சதுரச் சென்டிமீட்டருக்கு 3 கிலோகிராமாயின் டயர் ஏறக்குறைய 200 சதுரச் சென்டிமீட்டர் தரையை மிதிக்கும்; அழுத்தம் 2 ஆயின் 300 மிதிக்கும். மிதியடி அகன்றால் புதைவு குறையும். ஆயின் இது வெறும் வண்டியை அளத்தினுள் மெல்லச் செலுத்தும்போதே தகும். மூட்டையேற்றுமுன்னும் சாலையேறுமுன்னும் மீண்டும் காற்றடைக்க வேண்டும். இல்லையேல் பக்கச்சுவர் மடங்கிமடங்கிச் சூடேறி டயர் வெடிக்கும்.

இவையனைத்தினும் சிறந்தது வழியைச் செப்பனிடுதல். வானூர்ப் பக்கத்துச் செம்மண் சரளையைச் சக்கரத் தடங்களில் நிரப்பினால் நடுமேடு தானே தாழ்ந்ததாகும். ஒருவன் தன் டயரை உயர்த்தினால் அவன் வண்டி மட்டும் 15 மில்லிமீட்டர் உயரும். தடத்தை நிரப்பினால் அவ்வழிச் செல்லும் வண்டிகளெல்லாம் அதனினும் மிக உயரும். உப்புச் சுமந்து வரப்பில் நடக்கும் பெண்களின் காலுக்கும் அது நலமாகும்.

கோபுரங் கட்ட விரும்புவோன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டுமெனத் திருமறை கூறும் உவமையை நம் கல்லூரிச் சிற்றாலயத்திற் பன்முறை கேட்டிருக்கின்றோம். அது கோபுரத்திற்கு மட்டும் உரியதன்று. அளவு நாடா ஒன்றும், காற்றை அளக்கும் கருவி ஒன்றும், நான்கே விதிகளறிந்த கணக்கும் ஓர் ஏழைக் குடும்பத்தின் இரண்டு மாதத் தவணையைக் காத்தன. நேயர்காள், நாம் கற்கும் கல்வியை வீட்டு வாயிலில் நிற்கும் வண்டிக்கும் பயன்படுத்துவோமாக.