ஒரு மூட்டை விறகு போட்டா, நூறு கிலோமீட்டர்!

பெட்ரோல் விலை ஏறினால் நாம் என்ன செய்வோம்? இரண்டு நாள் புலம்புவோம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டுவோம். மூன்றாம் நாள் காலையில் அதே பங்க்கில், அதே கியூவில் நிற்போம். அமெரிக்காவில் ஒரு விவசாயி அப்படி நிற்கவில்லை. 'போங்கய்யா, நீங்களும் உங்க பெட்ரோலும்!' என்று சொல்லாத குறையாக, தன் பிக்-அப் வண்டியின் முதுகில் ஓர் அடுப்பையே தூக்கி வைத்துவிட்டார்!

வெய்ன் கீத் என்பது அவர் பெயர். அலபாமா மாநிலத்தில் ஸ்பிரிங்வில் என்கிற ஊர். மாடு உண்டு, வைக்கோல் உண்டு, கூடவே மரம் அறுக்கிற மில்லும் உண்டு. மில் என்றால் துண்டு துணுக்குக் கட்டைகளுக்குப் பஞ்சமா? 2004-ல் பெட்ரோல் விலை ஏறத் தொடங்கியபோது மனிதர் யோசித்தார். அந்தக் கட்டைகளையே வண்டிக்குத் தீனியாகப் போட்டால் என்ன?

போட்டார். ஓடியது. கண்காட்சியில் ஒருநாள் ஓட்டிக் காட்டிவிட்டுத் தார்ப்பாய் போட்டு மூடுகிற சமாசாரம் இல்லை இது. வைக்கோல் ஏற்ற, டிரெய்லர் இழுக்க, கடைகண்ணிக்குப் போய்வர எல்லாவற்றுக்கும் விறகு வண்டிதான். டாட்ஜ் டக்கோட்டா பிக்-அப் ஒன்றை அவர் ஓட்டிய கணக்குப்படி, ஒரு மைலுக்குச் சுமார் ஒரு பவுண்டு கட்டை. நம்ம கணக்கில் சொன்னால் நூறு கிலோமீட்டருக்குச் சுமார் இருபத்தெட்டு கிலோ. ஒரு மூட்டை விறகு!

'அப்படீன்னா ரயில் இன்ஜின் மாதிரி நீராவியா?' என்று கேட்கத் தோன்றும். அதுதான் இல்லை. இன்ஜின் அதே பெட்ரோல் இன்ஜின்தான். அதற்குள் போவது மட்டும் வேறு.

வீட்டில் விறகடுப்பு ஊதியவர்களுக்கு இது சட்டென்று புரியும். காற்று போதாமல் இருக்கும்போது அடுப்பு புகையும். அந்தப் புகையில் நெருப்புக் குச்சியைக் காட்டினால் குப்பென்று பற்றிக்கொள்ளும். அதாவது, புகையில் இன்னும் எரியக்கூடிய சரக்கு இருக்கிறது. இதைத்தான் பிடித்து வேலை வாங்குகிறார்கள். வண்டியின் பின்தட்டில் ஆளுயர இரும்பு டிரம். மேலே கட்டையைக் கொட்டி மூடி போட்டுவிட வேண்டும். கீழே ஆயிரம் டிகிரிக்கு மேல் தகதகக்கும் நெருப்பு, ஆனால் அதற்கு அளந்துதான் காற்று கிடைக்கும். கட்டை கரியாகி, அதிலிருந்து வரும் ஆவியும் புகையும் அந்தத் தணல் படுக்கை வழியாகவே இறங்கிப் போகவேண்டும். அப்படிப் போகும்போது தார் மாதிரி ஒட்டும் பிசுக்கு உடைந்துவிடும். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் வெளியே வரும். சாம்பல் தூசியைப் பிரித்து, குழாய்களில் சூடு ஆற்றி, வைக்கோல் திணித்த டிரம்மில் வடிகட்டி இன்ஜினுக்கு அனுப்பினால் முடிந்தது. ஆம், சாட்சாத் வைக்கோல்தான் ஃபில்டர்! சிலிண்டரில் அடைத்துச் சேமிக்கிற வேலையே கிடையாது. இன்ஜின் எவ்வளவு உறிஞ்சுகிறதோ, அவ்வளவு வாயு அப்போதைக்கப்போது தயாராகும்.

கேட்க சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் அவசரமாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருகினால் கிளம்பாது, சார்! முதலில் சாம்பலைத் தட்ட வேண்டும். குழாய்களின் அடியில் தேங்கிய கறுப்புத் தண்ணீரை வடிக்கவேண்டும் (வாசனையைப் பற்றிக் கேட்காதீர்கள்). கட்டை நிரப்பி, பற்ற வைத்து, சின்ன ஃபேனைப் போட்டுச் சில நிமிடம் காத்திருக்கவேண்டும். வெளியே வரும் வாயுவைக் கொளுத்திப் பார்த்து, ஜ்வாலை நின்று எரிந்தால்தான் இன்ஜினுக்கு உத்தரவு. அதற்குள் பஸ் போயிருக்கும்.

கிளம்பிய பிறகும் சும்மா உட்கார முடியாது. வாயுவுக்கும் காற்றுக்கும் பொருத்தம் பார்த்து லீவரைத் திருகிக்கொண்டே இருக்கவேண்டும். வாயுவில் பாதி வெறும் நைட்ரஜன் என்பதால் இன்ஜினின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதிகூடப் போய்விடும். கட்டை ஈரமாக இருந்தால் வண்டி முனகும். பெரிதாக இருந்தால் டிரம்முக்குள் குறுக்கே மாட்டிக்கொள்ளும். மரத்தூளாக இருந்தால் மூச்சே அடைத்துவிடும். கைப்பிடி அளவில் வெட்டி, நன்றாகக் காயவைத்த கட்டைதான் அதற்குப் பிடிக்கும். மாமியார்கூட இத்தனை பார்க்கமாட்டார்.

இந்த வித்தை நம் ஊருக்கும் புதிதல்ல. வீட்டில் தொண்ணூறை நெருங்கும் தாத்தா இருந்தால் 'கரி பஸ்' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் ராணுவத்துக்குப் போய்விட, சென்னை ராஜதானி பஸ்களின் பின்னால் கரி அடுப்பு ஏறியது. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊதி அதைக் கிளப்புவதே பெரும்பாடு. மேடு வந்தால் 'எல்லாரும் எறங்குங்க!' டிக்கெட்டும் வாங்கி, நடக்கவும் செய்து, சில சமயம் தள்ளவும் செய்தது அந்தத் தலைமுறை. மதுரை டி.வி.சுந்தரம் ஐயங்கார் நிறுவனம் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்றே ஒன்றைத் தயாரித்து விற்றது. இங்கே கரி, அங்கே கீத் போடுவது பச்சை மரத்தை உலர்த்திய விறகு. கரியில் பிசுக்குத் தொல்லை குறைவு. ஆனால் மரத்தைக் கரியாக்கும்போதே அதன் சக்தியில் பாதிக்கு மேல் புகையாகப் போய்விடும் என்பதால், விறகை நேராகப் போடுகிறவன்தான் கெட்டிக்காரன்.

ஐரோப்பாவில் விறகுதான் ராஜா. ஜார்ஜ் இம்பெர்ட் என்ற எஞ்சினீயர் 1920-களிலேயே இந்த அடுப்புக்கு நல்ல வடிவம் கொடுத்துவிட்டார். யுத்த காலத்தில் ஸ்வீடனில் 70,000-க்கும் அதிகமான வண்டிகள் இப்படி ஓடின. ஜெர்மனியில் சுமார் 5 லட்சம்! ஆனால் யுத்தம் முடிந்து பெட்ரோல் திரும்பி வந்ததும் ஜனங்கள் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு அடுப்பைக் கழற்றி எறிந்தார்கள். சோம்பேறித்தனம் மட்டுமே காரணம் என்று நினைக்காதீர்கள். இன்னொரு விஷயமும் இருந்தது.

இன்ஜினுக்கு அமிர்தமான அந்தக் கார்பன் மோனாக்சைடு நமக்கு எமன். நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் லேசான தலைவலி, பிறகு கிறுகிறுப்பு. 'ராத்திரி சரியாத் தூங்கலை' என்று நினைத்துக் கண்ணை மூடினால், திறப்பது சந்தேகம். ஓடும்போது இன்ஜின் உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் ஆபத்து குறைவு. வண்டியை நிறுத்திய பிறகுதான் வம்பு. உள்ளே தணல் இருக்கும், வாயு கசிந்துகொண்டே இருக்கும். பூட்டிய ஷெட்டில் இப்படி ஒரு வண்டியை நிறுத்துவது தற்கொலைக்குச் சமம். ஸ்வீடனில் அந்த நாளில் டாக்டர்களிடம் இந்த விஷவாயு கேஸ்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. 1989-ல் அமெரிக்காவின் பேரிடர் நிர்வாக அமைப்பு, பெட்ரோல் அடியோடு கிடைக்காமல் போனால் டிராக்டரை விறகில் ஓட்டுவது எப்படி என்று ஒரு கையேடே வெளியிட்டது. அதிலும் இந்த எச்சரிக்கை உண்டு. நம் ஊர் ஒர்க்‌ஷாப் அண்ணாச்சிகள் யாராவது இதைப் படித்துவிட்டு வெல்டிங் மெஷினை எடுப்பதாக இருந்தால், மேலே உள்ள பாராவை இன்னொரு தடவை படியுங்கள்.

இந்தக் கணக்கு யாருக்குக் கட்டும்? என் அபிப்பிராயம் இது: மில் வைத்திருப்பவர், தோப்பு வைத்திருப்பவர், காலை நேரத்தில் அரைமணி கையில் வைத்திருப்பவர். விறகை விலைக்கு வாங்கி, கூலி கொடுத்து வெட்டி ஓட்டினால் பெட்ரோலே தேவலை என்று ஆகிவிடும். ஊரில் எல்லாருமே இதில் இறங்கினால் வேப்பமரம், புளியமரம் ஒன்று பாக்கி இருக்காது.

ஸ்வீடன்காரர்கள் மட்டும் விஷயத்தை அடியோடு மறந்துவிடவில்லை. மறுபடி ஒரு தட்டுப்பாடு வந்தால் என்ன செய்வது என்று 1957-ல் வோல்வோ கம்பெனியோடு சேர்ந்து இந்த அடுப்பை மறுபடி ஆராய்ந்தார்கள்.

நம்ம கீத்? அவருக்கு வீட்டுக்கும் வயலுக்கும் ஓட்டினால் மட்டும் போதவில்லை. 2011-ல் யூட்டா மாநிலத்தின் போன்வில் உப்புப் பாலைவனத்துக்கே வண்டியைக் கொண்டுபோனார். ராக்கெட் கார்களெல்லாம் சாதனை படைத்த இடம் அது. அங்கே முதுகில் அடுப்பு எரிய, மணிக்கு 73 மைல் வேகம் காட்டினார். கிட்டத்தட்ட 117 கிலோமீட்டர். விறகு வண்டிகளில் அதுதான் உலக சாதனை என்று பதிவானது. மற்ற டிரைவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கிளம்பலாம். சாம்பல் அள்ளும் வேலை இவருக்கு மட்டும்தான்!