மலைவீட்டின் நினைவும் மருத்துவப் படிப்பும்

ஞாயிறு ஆராதனைக்குப் பின் எங்கள் இல்லத்தில் மதிய உணவுக்கு அமரும் வாலிபருள் ஒருவர், இம்மும்பை மாநகரில் மருத்துவம் பயில்கிறவர். முதலாம் ஆண்டில் உடற்கூற்றுக் கூடத்திற்குச் சென்றுவந்த நாட்களில் அவரால் இறைச்சியைத் தொட இயலவில்லை. "பார்மலின் வாடை கையைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது, ஐயா" என்பார். உணவு முடிந்தபின் அவர் பேச்செல்லாம் ஊரைப் பற்றியதே. ஒருமுறை அவர் என்னிடம், "வீட்டு நினைவு வந்தால் படிப்பு ஓடுவதில்லை, அதை மறந்துவிடுவதுதான் நல்லதா?" என்று கேட்டார். அன்று அவருக்கு நான் சொன்ன ஒருவருடைய வாழ்க்கையையே வாசகராகிய உங்களுக்கும் எழுதுகிறேன்.

டாக்டர் பால் பிராண்ட் 1914-ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய பெற்றோராகிய ஜெஸ்ஸியும் ஈவ்லினும் இங்கிலாந்திலிருந்து கொல்லிமலைக்கு வந்து ஊழியம் செய்த மிஷனெரிகள். மலைமேல் வாழவந்தியில் மரத்தால் கட்டிய வீடு. பள்ளிக்கூடம் இல்லாத இடமாதலால் தாயே ஆசிரியை. கணக்குப் பாடத்தை மரக்கிளையில் ஏறி அமர்ந்து செய்யவும் அச்சிறுவனுக்கு அனுமதி உண்டாயிருந்தது! தந்தை மருத்துவர் அல்லர். லண்டனில் மிஷனெரிகளுக்கென நடந்த ஓராண்டுப் பயிற்சியைக் கொண்டே மலைமக்களுக்கு வைத்தியம் பார்த்தார், பல் பிடுங்கினார், கட்டிகளைக் கீறினார், நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி மெல்ல மெல்ல வெளியே இழுத்தார். (இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது 2000-ஆம் ஆண்டிலேதான்.)

அச்சிறுவனின் உள்ளத்தில் ஆழப் பதிந்த ஒரு காட்சி உண்டு. தொழுநோயாளர் மூவர் ஒருநாள் வீடு தேடி வந்தனர். எவரையும் வெறுங்கையால் தொடும் தந்தை, அன்று கையுறை அணிந்து அவர்கள் புண்களைக் கட்டினார். பிள்ளைகள் அருகே செல்லலாகாது என்று கண்டிப்பான கட்டளை. அவர்கள் போனபின்னும் அவர்கள் அமர்ந்திருந்த இடத்தில் விளையாடக் கூடாது என்று விலக்கப்பட்டது.

1923-இல், ஒன்பதாம் வயதில், கல்விக்காகப் பாலும் தங்கை கானியும் லண்டனில் அத்தைமார் இருவரின் இல்லத்தில் விடப்பட்டனர். மரமேறிப் பழகிய பிள்ளை அங்கே தெருவிளக்குக் கம்பத்தில் ஏறித் தொங்கினான். மலையின் செய்தி தந்தையின் கடிதங்களாகக் கப்பலில் வந்தது. 1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலால், 44-ஆம் வயதில், மரித்துப்போனார். செய்தி தந்தியில் விரைந்து வந்துவிட்டது. ஆனால் அவர் முன்னரே எழுதி அனுப்பிய கடிதங்கள், மரங்களையும் பறவைகளையும் வருணித்தபடி, அதற்குப் பின்னும் வாரக்கணக்கில் வந்துகொண்டேயிருந்தன. இதை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கும். மறு ஆண்டில் தாய் வந்து இறங்கியபோதும், தான் நினைவில் சுமந்திருந்த தாய் இந்தச் சிறுத்துக் கூனிய பெண்மணிதானா என்று மகன் திகைத்து நின்றார்.

நாம் மேடைகளில் மிஷனெரி சரித்திரங்களைச் சொல்லும்போது ஒன்றை மறைத்துவிடுகிறோம். தந்தையின் சேவையைக் கண்டதால் மகன் மருத்துவரானார் என்று எளிதாக முடிப்போம். உண்மை அதுவன்று. இரத்தமும் சீழும் கண்ட அந்த நினைவுதான் அவரை மருத்துவத்தை விட்டே ஓடச் செய்தது. அவர் ஐந்து ஆண்டுகள் கொத்து வேலையும் தச்சு வேலையும் பயின்றார். வீடு கட்டுகிறவனாகவே இந்தியாவுக்குத் திரும்ப எண்ணினார்.

ஆயத்தத்திற்காகத் தந்தை பயின்ற அதே ஓராண்டுப் பயிற்சியில் சேர்ந்தவர், ஒரு மாலையில் மருத்துவமனைப் பணியில் இருந்தார். இரத்தம் இழந்து பிணம்போல் வெளிறிய ஓர் இளம்பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இரத்தம் ஏற்றப்பட்டது. கன்னத்தில் நிறம் திரும்பியது; கண் திறந்து தண்ணீர் கேட்டாள். எந்த இரத்தத்தைக் கண்டு வெறுத்தாரோ, அதுவே உயிராய்த் திரும்பியதைக் கண்டவர், 1937-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் கல்லூரியில் சேர்ந்தார்.

1939-இல் யுத்தம் தொடங்கவே, மாணவர்கள் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகருக்கு அனுப்பப்பட்டனர். அங்கே ஒரு தலையை எடுத்துக்கொண்டு, மூளையிலிருந்து புறப்படும் நரம்புகள் ஒவ்வொன்றையும் எலும்புக்குள் தொடர்ந்து சென்று வெளிக்கொணரும் நுண்பணியில் பல நாட்கள் மூழ்கினார். உளிபிடித்துப் பழகிய கைக்கு இது அந்நியமன்று என்பது என் எண்ணம். 1940 செப்டம்பர் 7 முதல் லண்டன்மேல் 57 இரவுகள் இடைவிடாது குண்டுகள் விழுந்தன. நகரத்து மருத்துவமனைகளில் காயமுற்றோர் நிறைந்த அக்காலத்தில்தான் அவருடைய பயிற்சி நடந்தது. வகுப்புத்தோழி மார்கரெட் பெரியை 1943-இல் மணந்தார், பட்டமும் அவ்வாண்டே.

1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில், விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி இரும்பாய் இறுகியது; வலி தாளாமல் இவரே துடித்தார். கை செத்துவிடவில்லை, நல்ல தசைகள் உள்ளே உயிரோடிருக்கின்றன என்று அறிந்தார். வேலை செய்யும் தசைநாணை இடம்மாற்றி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சை அதிலிருந்து பிறந்தது. அருகே போகாதே என்று விலக்கப்பட்ட சிறுவன் பற்றிக்கொண்ட கை அது.

சீர்ப்பட்ட கைகளுக்குத் தொழில் வேண்டுமே! வேலூரில் அமைத்த புதுவாழ்வு மையத்தில் நோயாளிகளுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுக்கப்பட்டது. வீணாய்ப் போயிற்று என்று அவரே வருந்தியிருக்கக்கூடிய அந்த ஐந்து ஆண்டுகள் இங்கே கைகொடுத்தன.

நான் இவ்வளவும் சொல்லக் கேட்ட மாணவர், "அவருடைய அம்மா என்ன ஆனார்கள்?" என்று கேட்டார். ஈவ்லின் அம்மையார் முதுமையிலும் மலையை விட்டு இறங்கிவர மனமில்லாதவராய், மட்டக்குதிரைமேல் ஏறி ஊர் ஊராய்ச் சென்றுகொண்டிருந்தார். 1974-இல், 95-ஆம் வயதில் மறைந்தார். கொல்லிமலையில், தம் கணவரின் கல்லறை அருகிலேயே அவரை அடக்கம்செய்தார்கள்.