உங்களுக்குத் தெரியுமா? தெருவில் பாடுவதும் குற்றமாகலாம்!

வீட்டுக்கு 50 கெஜத்துக்குள் இருக்கும் தெருவில், காவலரோ வீட்டாரோ நிறுத்தச் சொன்ன பிறகும் பாடினால் குற்றம் என்று இங்கிலாந்தின் கென்ட் கவுண்டி மன்றம் ஒரு துணைவிதி இயற்றியது. பக்திப் பாடல் பாடிய ஒருவர் அதன்படி தண்டிக்கப்பட்டார். ‘க்ரூஸ் எதிர் ஜான்சன்’ என்ற அந்த வழக்கில், 1898-இல் உயர் நீதிமன்றம் துணைவிதி செல்லும் என்றது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்துக்கே ஊரின் தேவை நன்றாகத் தெரியும் என்பது தலைமை நீதிபதி ரஸ்ஸல் பிரபுவின் வாதம். யாருக்கும் தொல்லை தராத பாட்டையும் ஒருவர் வெறுப்பினால் நிறுத்திவிடலாமே என்ற ஆட்சேபம் நியாயமானதுதான். அமர்விலிருந்த நீதிபதி மாத்யூவே தீர்ப்புக்கு உடன்படவில்லை. ஆனால் மன்றங்களுக்குக் கடிவாளம் போட்டதும் இதே தீர்ப்புதான். ஆளுக்கொரு நீதி காட்டுகிற, அப்பட்டமாக அநியாயமான, தீய நோக்கில் பிறந்த, காரணமின்றி உரிமையை நசுக்குகிற துணைவிதி செல்லாது என்று அது வரையறுத்தது. துணைவிதிகளை எதிர்த்து வழக்காடிய பலர் பின்னாளில் கையில் எடுத்த அளவுகோல், பாடியவர் தோற்ற இந்த வழக்கில் பிறந்ததுதான்.