ஒரு கிண்ணம், ஒரு ஸ்பூன், ஒரு வாரம்!

யூத் கேம்ப்னு சொன்னதும் உங்க மனசுல என்ன ஓடும்? கொடைக்கானல் குளிர், ஏலகிரி மலைப்பாதை, பஸ்ஸில் கிடார் சத்தம், கடைசி ராத்திரி கேம்ப் ஃபயர், கிளம்பும்போது ஆட்டோகிராஃப் நோட்டில் ரெண்டு சொட்டுக் கண்ணீர்... கரெக்ட்டா? கிறிஸ்தவ நண்பர்கள் இருந்தா, லீவு முடிஞ்சு காலேஜ் திறந்ததும் இந்தக் கதைகளைக் கட்டாயம் கேட்டிருப்பீங்க.

இப்போ கொஞ்சம் பெரிசா கற்பனை பண்ணுங்க. அந்த கேம்ப் மூணு நாளில் முடியாது, வருஷம் பூரா நடக்கும். வர்றவங்க ஒரு மாவட்டத்துக்காரங்க இல்லை, பல டஜன் நாட்டுக்காரங்க. கோடை வாரங்களில் ஒரே நேரத்தில் சில ஆயிரம் பேர் டென்ட் அடிச்சுத் தங்குவாங்க. நடக்கிற இடமோ, ஒரு குன்றின் மேல் இருக்கிற குட்டியூண்டு கிராமம். பேரு தேஸே. பிரான்ஸ் நாட்டின் பர்கண்டி பகுதியில், க்ளூனி என்ற பழைய மடத்து ஊருக்குப் பக்கத்தில் இருக்கு.

டிக்கெட் செலவு இல்லாம, ஒரு வாரம் அங்கே தங்கிட்டு வரலாம். ரெடியா?

சைக்கிளில் வந்த 25 வயசு

முதல்ல ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். 1940 ஆகஸ்ட். இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோத்துப்போய், நாடே ரெண்டு துண்டாகக் கிடக்கிறது. அந்த நேரத்தில் பக்கத்து நாடான சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு இளைஞர் சைக்கிளை மிதிச்சுக்கிட்டு வர்றார். பேரு ரோஜர் ஷூட்ஸ். வயசு 25. புரோட்டஸ்டன்ட் போதகரின் மகன்.

பாதுகாப்பான நாட்டை விட்டுட்டு யாராவது போர் நடக்கிற நாட்டுக்கு வருவாங்களா? அவர் வந்தார். கஷ்டப்படறவங்க பக்கத்துல இருக்கணும்னு நினைச்சார். தேஸேயில் ஒரு வீட்டை வாங்கினார். நாட்டை ரெண்டாகப் பிரிச்ச எல்லைக்கோடு கொஞ்ச தூரத்தில்தான். அதைத் தாண்டித் தப்பி வந்தவங்களுக்கு அந்த வீடு புகலிடமாச்சு. அவங்களில் யூதர்களும் உண்டு. பிடிபட்டால் உயிர் போகும் காரியம் அது. 1942-இல் விஷயம் வெளியே தெரிஞ்சுபோக, அவரால் சுவிட்சர்லாந்திலிருந்து திரும்பி வர முடியலை.

1944-இல் மறுபடி வந்தார். இப்போ கதை தலைகீழ். ஜெயிச்சது இந்தப் பக்கம். ஊருக்குப் பக்கத்தில் ஜெர்மன் போர்க் கைதிகளை அடைச்சு வெச்சிருந்தாங்க. அவங்க மேல ஊரே வெறுப்பில் கொதிக்குது. ரோஜரும் அவர்கூட இருந்த சகோதரர்களும் என்ன செஞ்சாங்க தெரியுமா? நேற்று வரை எதிரியாக இருந்த அந்தக் கைதிகளைக் கூப்பிட்டு, தங்களுக்கு இருந்த கொஞ்சம் சாப்பாட்டைப் பகிர்ந்துக்கிட்டாங்க.

1949 ஈஸ்டரில் ஏழு பேர் சேர்ந்து வாழ்நாள் உறுதி எடுத்தாங்க. கல்யாணம் இல்லை, தனிச் சொத்து இல்லை, எளிய வாழ்க்கை. இப்படித்தான் தேஸே சமூகம் பிறந்தது. ஆரம்பத்தில் எல்லோரும் புரோட்டஸ்டன்ட்டுகள். பின்னாடி கத்தோலிக்கர்களும் சேர்ந்தாங்க. ஒரே தெருவில் ஆர்.சி. கோயிலும் சி.எஸ்.ஐ. சர்ச்சும் தனித்தனியா இருக்கிற ஊரிலிருந்து படிக்கிற உங்களுக்கு, இது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லத் தேவையில்லை.

அங்கே இருக்கிற பெரிய ஆலயத்தின் பேரு 'ஒப்புரவு ஆலயம்'. 1962-இல் திறந்தாங்க. கட்டினவங்க யாருன்னு நினைக்கிறீங்க? ஜெர்மன் இளைஞர்கள்! தங்கள் நாடு போரில் செஞ்ச கொடுமைகளுக்குப் பரிகாரமா, பாதிக்கப்பட்ட நாடுகளுக்குப் போய் உழைக்கிற ஓர் அமைப்பைச் சேர்ந்தவங்க. கை குலுக்கி ஃபோட்டோ எடுத்துக்கிறதோட முடியாம, செங்கல் சுமந்து கேட்ட மன்னிப்பு அது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

சரி, கேம்புக்குள்ள போகலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கி, அடுத்த ஞாயிறு கிளம்பறதுதான் வழக்கம். வந்ததும் உங்களுக்கு ஒரு இடம் காட்டுவாங்க. டென்ட் அல்லது பல பேர் சேர்ந்து தூங்குகிற மரக் கட்டில் அறை. ஹோட்டல் ரூம் எதிர்பார்த்துப் போனீங்கன்னா முதல் ராத்திரியே முகம் சுருங்கிடும்.

காலையில் அலாரம் வேண்டாம், மணிச்சத்தமே எழுப்பிடும். ஒரு நாளைக்கு மூணு தடவை மணி அடிக்கும். காலை, நண்பகல், ராத்திரி எட்டரை. அடிச்சா, விளையாடிட்டு இருந்தவங்க பந்தைப் போட்டுட்டு, பாத்திரம் கழுவிட்டு இருந்தவங்க கையைத் துடைச்சுட்டு, எல்லோரும் ஆலயத்துக்கு நடப்பாங்க.

உள்ளே பெஞ்ச், நாற்காலி வரிசை கிடையாது. எல்லோரும் தரையில்! ஐரோப்பியப் பசங்க காலை எங்கே மடக்கி வைக்கிறதுன்னு தவிப்பாங்க. நமக்கு அந்தப் பிரச்னையே இல்லை. சப்பணம் போட்டு உட்கார்ந்து பழகின ஜனங்க நாம. நடுவில் வெள்ளை அங்கியில் சகோதரர்கள் உட்கார்ந்திருப்பாங்க. முன்னாடி ஆரஞ்சு நிறத் துணிகள், நிறைய மெழுகுவத்தி வெளிச்சம்.

பிரசங்கம்? கிடையாது. சின்னச் சின்ன பாட்டுகள். ஒரு வரி, ரெண்டு வரிதான். திரும்பத் திரும்பப் பாடுவாங்க. நம்ம பஜனை மாதிரின்னு வெச்சுக்குங்களேன். ரெண்டாவது சுற்றிலேயே உங்களுக்கும் மனப்பாடம் ஆகிடும். லத்தீன், ஸ்பானிஷ், ஜெர்மன், போலிஷ்னு மொழி மாறிட்டே இருக்கும். இந்தப் பாட்டுகளில் ரொம்பப் பிரபலமான பலதுக்கு இசை அமைச்சவர் ஜாக் பெர்தியே என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர். 1994-இல் மறைந்துவிட்டார். பாட்டு இப்பவும் உலகம் பூரா ஓடுது.

அப்புறம் வரும் பாருங்க, அதுதான் ஹைலைட். நிசப்தம்! பைபிள் வாசிப்பு முடிஞ்சதும் பல நிமிஷங்கள் யாரும் பேச மாட்டாங்க, பாட மாட்டாங்க. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஒரே கூரையின் கீழே, இருமல் சத்தம் மட்டும் கேட்கிற அமைதியில். முதல் நாள் தூக்கம் வரும். ரெண்டாம் நாள் எரிச்சல் வரும். மூணாம் நாள், ஊரில் விட்டுட்டு வந்த சண்டை, அம்மாகிட்ட கத்தினது, ஃப்ரெண்ட்கிட்ட பேசாம விட்டது எல்லாம் வரிசையா ஞாபகத்துக்கு வரும். தப்பிக்க வழி இல்லை. ஏன்னா அங்கே அடுத்த ஐட்டம்னு எதுவும் இல்லை!

சாப்பாடும் கக்கூஸும்

இப்போ முக்கியமான மேட்டர். காலையில் ரொட்டி, வெண்ணெய், ரெண்டு துண்டு சாக்லேட். மதியமும் ராத்திரியும் பெரிய அண்டாவில் சமைச்ச எளிய சாப்பாடு. கியூவில் நின்னு தட்டை நீட்டணும். கத்தி, முள்கரண்டி எல்லாம் கிடையாது. ஒரே ஒரு ஸ்பூன். தண்ணி, டீ எல்லாத்துக்கும் ஒரு கிண்ணம். சாயங்காலம் அதே கிண்ணத்தில் டீயும் கையில் பிஸ்கட்டும். புல்தரையில் வட்டமா உட்கார்ந்து சாப்பிடும்போது, பக்கத்தில் இருக்கிறவன் பணக்காரனா, அவன் அப்பா என்ன வேலைன்னு யாருக்கும் தெரியாது. எல்லார் கையிலும் ஒரே ஸ்பூன்தான்.

சமைச்சவங்க யாரு? பரிமாறினவங்க யாரு? உங்களை மாதிரி வந்தவங்கதான். ஆயிரக்கணக்கான தட்டு கழுவறதும், புதுசா வர்றவங்களை வரவேற்கறதும், கக்கூஸ் கழுவறதும் முறை போட்டு நடக்கும். வீட்டில் சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுட்டு எழுந்து போற பசங்களும் அங்கே பாட்டுப் பாடிக்கிட்டே பிரஷ்ஷும் கையுமா நிற்பாங்க. இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஆனா 'யாரோ செய்வாங்க'ன்னு நாம விடற எல்லா வேலையையும் ஒரு மனுஷன்தான் செய்யறான் என்கிற பாடம் இலவசம்.

காலையில் ஒரு சகோதரர் பைபிள் பகுதி ஒன்றை விளக்குவார். அப்புறம் சின்னக் குழுக்கள். ஒரு போலந்துப் பெண், ஒரு போர்ச்சுகல் பையன், ஒரு ஜெர்மன் மாணவி... உடைஞ்ச இங்கிலீஷில் எதிர்காலம், வேலை, நம்பிக்கை, சந்தேகம்னு பேச்சு ஓடும். கடவுள் இருக்காரான்னே தெரியலைன்னு சொல்றவங்களும் வருவாங்க. அவங்களை யாரும் வெளியே போகச் சொல்றதில்லை. ராத்திரி ஜெபம் முடிஞ்சா 'ஓயாக்' என்ற இடத்தில் ஸ்நாக்ஸ், கிடார், ஆட்டம், அரட்டை. நேரம் ஆனதும் சத்தம் அடங்கணும். அதைப் பார்த்துக்கறதும் இளைஞர் குழுவேதான்!

செலவு? நாட்டைப் பொறுத்து தங்கவும் சாப்பிடவும் ஒரு சின்னத் தொகை. பணக்கார நாட்டுக்காரங்களுக்குக் கொஞ்சம் அதிகம், மத்தவங்களுக்குக் குறைவு. சகோதரர்கள் தங்களுக்காக யாரிடமும் நன்கொடை வாங்கறதில்லை. மண்பாண்டம் செஞ்சு, புத்தகம் போட்டு, அதில் வர்ற வருமானத்தில் வாழறாங்க.

காலம் மாறும், காட்சி மாறும்

குளிர்காலத்தில் தேஸே ரொம்ப அமைதி. வர்றவங்க எண்ணிக்கை குறைவு. ஈஸ்டர் வந்தா கூட்டம் பொங்கும். 1971 ஈஸ்டருக்கு எதிர்பார்த்ததைவிட அதிகப் பேர் வரப்போறாங்கன்னு தெரிஞ்சதும், கட்டி ஒன்பது வருஷமே ஆன ஆலயத்தின் முன்பக்கச் சுவரை இடிச்சுட்டு, ஒரு பெரிய சர்க்கஸ் கூடாரத்தை அதோட சேர்த்துப் போட்டாங்க. கட்டடம் பெரிசா, மனுஷங்க பெரிசான்னா, அவங்க பதில் ரெடி. இப்போ அந்த ஆலயத்தில் நீட்டிக்கவும் சுருக்கவும் வசதியா உருட்டுக் கதவுகள் இருக்கு.

ஜூலை, ஆகஸ்ட்தான் உச்சகட்ட சீஸன். ஒவ்வொரு வாரமும் வெள்ளி ராத்திரி ஒரு சிலுவையைத் தரையில் வெச்சு, வரிசையா வந்து நெற்றியை அதன்மேல் வெச்சு ஜெபிப்பாங்க. சனி ராத்திரி ஈஸ்டர் மாதிரி எல்லார் கையிலும் சின்ன மெழுகுவத்தி; ஒருத்தர் சுடரிலிருந்து அடுத்தவர் ஏத்திக்குவாங்க. அதாவது வாரா வாரம் ஒரு புனித வெள்ளி, ஒரு ஈஸ்டர்.

டிசம்பர் கடைசியில் கேம்பே கிளம்பி ஒரு நகரத்துக்குப் போயிடும்! 1978-இல் பாரிஸில் ஆரம்பிச்ச வழக்கம். வருஷத்துக்கு ஒரு ஐரோப்பிய நகரம். அந்த ஊர்க் குடும்பங்கள் முன்பின் தெரியாத பசங்களுக்கு வீட்டுக் கதவைத் திறந்து படுக்க இடம் தருவாங்க. பெர்லின் சுவர் விழுந்த 1989-இன் கடைசியில் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரில் கூடினாங்க. அதுவரை சந்திக்கவே முடியாத கிழக்கு ஐரோப்பிய, மேற்கு ஐரோப்பியப் பசங்க ஒரே வீட்டில் புத்தாண்டு கொண்டாடினாங்க. 2020-இல் கொரோனாவால் நேரில் கூட முடியாம ஆன்லைனில் நடந்தது. 2024 டிசம்பரில் எஸ்டோனியாவின் டாலின், 2025 டிசம்பரில் மறுபடி பாரிஸ்.

நமக்கும் ஒரு கனெக்‌ஷன் உண்டு. 1976-இல் ரோஜர் கொல்கத்தாவின் ஏழை மக்கள் பகுதியில் தங்கியிருந்தார். 1985 கடைசியில் இதே மாதிரி ஒரு பெரிய இளைஞர் சந்திப்பு நம்ம சென்னையில் நடந்தது. 2006 அக்டோபரில் கொல்கத்தாவில் நடந்தது.

சோதனை வந்தபோது

இவ்வளவு மன்னிப்பு, நம்பிக்கைன்னு பேசறாங்களே, தங்களுக்கே அடி விழுந்தா? விழுந்தது. 2005 ஆகஸ்ட் 16. இளைஞர்கள் நிறைஞ்ச மாலை ஜெபத்தின் நடுவில், மனநிலை பாதிக்கப்பட்ட ஒரு பெண் 90 வயசு ரோஜரைக் கத்தியால் குத்திக் கொன்றார். அடக்க ஆராதனையில், அடுத்த தலைவரான சகோதரர் அலோயிஸ் அந்தப் பெண்ணுக்காகவும் மன்னிப்புக் கேட்டு ஜெபித்தார். கதவை மூடலை, கேம்பை நிறுத்தலை.

அடுத்த சோதனை இதைவிடக் கசப்பானது. 2019-இல் சகோதரர் அலோயிஸே வெளிப்படையாக அறிவிச்சார்: கடந்த பல பத்தாண்டுகளுக்கு முன் சில சகோதரர்கள் சிறுவயதினரிடம் பாலியல் அத்துமீறல் செய்திருக்காங்க என்று. விவரங்களை அரசு வழக்கறிஞரிடமும் கொடுத்தாங்க. நம்பிக்கையை முதலீடா வெச்சு நடக்கிற இடத்தில் இது எவ்வளவு பெரிய காயம்! இதை நாம மறைக்காம சொல்றதுக்குக் காரணம் இருக்கு. எந்த முகாமுக்குப் போனாலும், எவ்வளவு புனிதமான இடமா இருந்தாலும், புகார் சொல்ல ஆள் யாரு, ராத்திரி பொறுப்பு யாரு, தப்பு நடந்தா வெளியே சொல்லலாமான்னு கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிற முகாமுக்குப் போகாதீங்க. நம்பிக்கைன்னா கண்ணை மூடிக்கிறது இல்லை.

2023 டிசம்பர் முதல் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் சகோதரர் மேத்யூ. இங்கிலாந்துக்காரர்.

மெம்பர்ஷிப் கிடையாது

கடைசியா ஒரு ஆச்சரியம். இத்தனை லட்சம் இளைஞர்கள் வந்து போயிருக்காங்க. 'தேஸே இளைஞர் இயக்கம்'னு ஒண்ணு ஆரம்பிச்சிருந்தா கொடி, பேட்ஜ், மாநாடுன்னு எங்கேயோ போயிருக்கும். ஆனா அவங்க ஆரம்பிக்கவே இல்லை. மெம்பர்ஷிப் கார்டு கிடையாது. 'உங்க ஊருக்குத் திரும்பிப் போங்க, உங்க சர்ச், உங்க தெரு, உங்க காலேஜில் இதைச் செய்யுங்க' என்பதுதான் சகோதரர்கள் காட்டற வழி.

யோசிச்சுப் பார்த்தா, எந்த கேம்புக்கும் இதுதானே நிஜமான பரீட்சை? மலை மேல எல்லோரும் நல்லவங்கதான். இறங்கி வந்த பிறகு ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டு எடுத்து வைக்கிற அண்ணனின் பேரு நமக்குத் தெரியுமா? பேசாம இருக்கிற ரூம்மேட்கிட்ட முதல் வார்த்தை யார் பேசறது? ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் செல்ஃபோனை ஓரமா வெச்சுட்டு சும்மா உட்கார முடியுதா?

இதுக்கு விசா வேண்டாம், ஃபிளைட் வேண்டாம். எந்த மதத்துக்காரரா இருந்தாலும் தடையில்லை. இன்னிக்கு ராத்திரி சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவி வைங்க. அப்படியே பக்கத்தில் இருக்கிறவர் தட்டையும்!