பட்டமும் பட்டறையும்

சென்னைக் கடற்கரையிலிருந்து ஆவடி, திருவள்ளூர் நோக்கிச் செல்லும் புறநகர்த் தொடர்வண்டிகளில் காலை வேளையில் இருவகைக் கூட்டம் ஏறுகிறது. ஒரு சாரார் பட்டரவாக்கத்திலும் அம்பத்தூரிலும் இறங்கித் தொழிற்பேட்டைக்குள் சென்றுவிடுகின்றனர். மற்றொரு சாரார் தோளில் புத்தகப்பையுடன் ஆவடி, இந்துக் கல்லூரி, திருநின்றவூர் எனப் பயணத்தைத் தொடர்கின்றனர். கல்லூரி ஒன்றின் பெயரே நிலையத்தின் பெயராகிவிட்ட தடம் அது. தொழிற்கூடத்திற்கும் கல்லூரிக்கும் இடையே இங்கு உள்ள தொலைவு சில கிலோமீட்டர்தான். ஆயினும், படிப்பை முடித்த மாணவர் பலருக்கு அத்தொலைவைக் கடப்பது எளிதாக இருப்பதில்லை.

தந்தையோ மாமனோ ஒரு நிறுவனத்தில் பணிபுரிந்தால், எங்கே ஆள் எடுக்கிறார்கள், யாரைப் பார்க்க வேண்டும், என்ன கேட்பார்கள் என்பன வீட்டுப் பேச்சிலேயே தெரிந்துவிடும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் சென்றவருக்கு அந்தப் பேச்சு வாய்ப்பதில்லை. மதிப்பெண்ணில் இருவரும் சமமாக இருக்கலாம்; செய்தியில் சமமாக இருப்பதில்லை. இந்தக் குறையை ஈடுசெய்வதற்காகத் தோன்றியவையே தொழில்நெறி வழிகாட்டலும் உள்ளுறைப் பயிற்சியும் ஆகும்.

வழிகாட்டலின் தொடக்கம்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1908ஆம் ஆண்டு பிராங்க் பார்சன்ஸ் என்பவர் இளைஞர்களுக்கான தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். ஒருவர் தம் இயல்பையும் திறனையும் அறிதல், தொழில்களின் தன்மையை அறிதல், இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவெடுத்தல் என்பதே அவர் வகுத்த முறை. இதற்கு ஈராண்டு முன்னரே, சின்சினாட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெர்மன் ஷ்னைடர் வேறொரு வழியைச் சோதித்துப் பார்த்தார். பொறியியல் தொழிலின் சில கூறுகளை வகுப்பறையில் கற்பிக்கவே இயலாது என்பது அவர் கருத்து. 1906இல் 27 மாணவர்களை, ஒரு வாரம் வகுப்பிலும் மறு வாரம் தொழிற்கூடத்திலுமாக மாறிமாறிப் பயில வைத்தார். இன்றைய உள்ளுறைப் பயிற்சிகளின் முன்னோடி முயற்சிகளுள் இதுவும் ஒன்று.

இந்தியாவில் அரசின் வேலைவாய்ப்புப் பணி தொடங்கியது மாணவர்களுக்காக அன்று. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய படைவீரர்களுக்கு வேலை தேடித் தருவதற்காகவே 1945இல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் ஏற்படுத்தப்பட்டன. பின்னர் அவை அனைவருக்கும் உரியவையாயின. 1956இல் அவற்றின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் பதிவு செய்து அட்டை வாங்கி வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டு இல்லங்களில் இன்றும் உண்டு. அந்த அலுவலகங்களின் இன்றைய பெயர், ‘மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்’ என்பதாகும். பெயரின் பிற்பகுதியை நாடி அங்குச் செல்வோர் குறைவு என்பது வருந்தத்தக்கது.

மேற்குப் புறநகரின் தொழில்வளம்

1949இல் அம்பத்தூரில் டி.ஐ. மிதிவண்டி நிறுவனம் தொடங்கப்பட்டது. சமதர்மப் பாங்கிலான சமுதாயம் பற்றிய காங்கிரசு மாநாட்டுத் தீர்மானத்தால் ஆவடியின் பெயர் நாடெங்கும் பேசப்பட்டது 1955இல். அங்கு நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. இதற்கிடையே 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. 1,400 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் ஆயிரத்துக்கும் மிகுதியான சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்கள் அங்கு இயங்குகின்றன. அருகிலுள்ள பாடியின் வாகன உதிரிபாக ஆலைகளும் வில்லிவாக்கத்தை ஒட்டிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையும் பூந்தமல்லியை அடுத்த திருமழிசைத் தொழிற்பேட்டையும் இவற்றோடு சேரும்போது, ஒரு பெரும் பயிற்சிக்களமே மாணவர்களின் கண்ணெதிரே விரிகிறது.

கண்ணெதிரே இருப்பது கைக்கு எட்டுவதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும். தமிழ்நாட்டின் பலதொழில்நுட்பக் கல்லூரிகள் சிலவற்றில் நடைபெறும் ‘சாண்ட்விச்’ பட்டயப் படிப்பு அத்தகைய ஏற்பாடுகளுள் ஒன்று. மூன்றாண்டுப் படிப்பு மூன்றரை ஆண்டுகளாக நீளும்; இடையில் மாணவர் தொழிற்சாலைக்குச் சென்று பயின்று திரும்புவார். கோயம்புத்தூர் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் பட்டப்படிப்பிலும் இம்முறை உண்டு.

பழகுநர் என்பவர் யார்?

உள்ளுறைப் பயிற்சி வேறு, தொழிற்பழகுநர் பயிற்சி வேறு. மாணவர்கள் ‘இன்டர்ன்ஷிப்’ என்று வழங்கும் உள்ளுறைப் பயிற்சி, படிப்பின் ஒரு பகுதியாகச் சில வாரங்களோ மாதங்களோ நடைபெறுவது. அதற்கெனத் தனிச் சட்டம் கிடையாது. தொழிற்பழகுநர் பயிற்சியோ 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்துக்கு உட்பட்டது. எழுத்து மூலமான ஒப்பந்தத்துடன் நடைபெறுவது. ஐ.டி.ஐ. பிரிவுகளை மனத்தில் கொண்டு இயற்றப்பட்ட இச்சட்டம், 1973இல் பொறியியல் பட்டம், பட்டயம் பெற்றவர்களுக்கும், 2014இல் கலை, அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனம் தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். 200 பேர் பணிபுரியும் ஆலை குறைந்தது 5 பேரை எடுக்க வேண்டும். 30 பேர் வரை எடுக்கலாம். கல்வித் தகுதிக்கேற்ப மாதம் 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகையையும் அவ்விதிகள் வரையறுத்தன. பட்டம், பட்டயம் பெற்றோருக்கான குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. தென்மாநிலங்களில் இதனைக் கவனிக்கும் வாரியம் சென்னை தரமணியில் உள்ளது.

சட்டத்தின் மறுபக்கத்தையும் அறிதல் நன்று. பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்லர். பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ஓராண்டு உழைத்தபின் வெறுங்கையுடன் திரும்பியதாக மனம் நொந்துகொள்வோர், சேரும்போதே இதனை அறியாதிருந்தவர்களே. அதே சட்டம் காப்பும் தருகிறது. தொழிற்சாலைப் பழகுநருக்கு உடல்நலம், பாதுகாப்பு ஆகியவை குறித்த விதிகள் தொழிலாளர்க்குப் போலவே பொருந்தும். பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் இழப்பீடு உண்டு. உரிய அலுவலரின் ஒப்புதலின்றி மிகைநேரப் பணி வாங்குதல் கூடாது.

கைப்பழக்கம்

‘பழகு’ என்னும் தமிழ்ச்சொல் பயிற்சியையும் உறவையும் ஒருங்கே குறிப்பது. பட்டறையில் இரண்டும் நிகழ்கின்றன. பதினோராம் வகுப்பு இயற்பியல் ஆய்வகத்தில் திருகு அளவியால் கம்பியின் விட்டத்தை அளக்கும் மாணவர், விடை சற்றுப் பிழையானால் மதிப்பெண் ஒன்றிரண்டை இழப்பார். அதே கருவியைக் கடைசல் எந்திரத்தின் அருகே நின்று பிடிக்கும்போது நிலைமை வேறு. தண்டு 0.05 மில்லிமீட்டர் பருத்துவிட்டால் அது தாங்கியினுள் நுழையாமற் போகலாம். மிகையாகக் கடைந்துவிட்டால் இரும்பை மீண்டும் ஒட்டவைக்க வழியில்லை, பழைய இரும்புக் குவியலில்தான் எறிய வேண்டும். எந்திரத்தின் ஓசை மாறுவதைக் கேட்டே வெட்டுளி மழுங்கியதை உணரும் மூத்த தொழிலாளி அங்கு இருப்பார். அவரிடமிருந்து கற்பதற்கு அவரோடு பழகுவதைத் தவிர வேறு பாடநூல் இல்லை.

இதனால்தான், பயிற்சிக்கே வராமல் பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்குவது பெரிய இழப்பாகிறது. நேர்காணலில் முதலில் கேட்கப்படும் கேள்வி, “அங்கே என்ன செய்தீர்கள்?” என்பதுதான். தேநீர் வாங்கவும் தாள்களை நகலெடுக்கவும் மட்டும் மாணவரை அனுப்பும் நிறுவனத்தில் பயின்றவருக்கும் அக்கேள்விக்கு விடை இராது. பொறுப்பான கல்லூரி, அனுப்புமுன் பயிற்சித் திட்டத்தைக் கேட்டு வாங்கும். நடுவில் ஆசிரியரை அனுப்பிப் பார்வையிடும். மாணவரின் நாட்குறிப்பைத் தொழிற்கூட மேற்பார்வையாளரின் கையொப்பத்துடன் கோரும்.

பல கல்லூரிகளில் வேலைவாய்ப்புப் பிரிவு விழித்துக்கொள்வது இறுதியாண்டில்தான். அதற்குள் உள்ளுறைப் பயிற்சிக்குரிய விடுமுறைகள் கழிந்துவிடுகின்றன. 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம், கல்லூரி மாணவர்க்குத் திறன் பயிற்சியும் பள்ளி மாணவர்க்கு உயர்கல்வி வழிகாட்டலும் தருவதால் இக்காலத் தாழ்வைக் குறைக்க முயல்கிறது. மேற்குப் புறநகரின் தொழில்களும் மாறிவருகின்றன. 2024 நவம்பரில் பட்டாபிராமில் திறக்கப்பட்ட 21 தளங்கள் கொண்ட டைடல் பூங்கா, லேத்தும் வெல்டிங்கும் அறிந்த வட்டாரத்துக்குக் கணினிப் பணிகளைக் கொண்டுவருகிறது.

பட்டம் பெறும்வரை காத்திருக்க வேண்டிய தேவையும் எல்லாருக்கும் இல்லை. இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை 2024இல் 1,010 பழகுநர் இடங்களுக்கு விண்ணப்பம் கோரியபோது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றோர்க்கும் அதில் இடம் இருந்தது. பழகுநர் ஒப்பந்தத்தில் பயிற்சிக்காலம், உதவித்தொகை, தொழிற்பிரிவு ஆகியவை எழுதப்பட்டிருக்கும். சேர்பவர் 18 வயது நிறையாதவராயின், அவர் சார்பில் பெற்றோரோ பாதுகாவலரோ அதனைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும்.