பைனாகுலர் வாங்கப் போகும் தம்பிகளுக்கு

பாசார் மாலாமில் பெரிய எண் போட்ட பைனாகுலரைக் கண்டால் நம் தோட்டத்துத் தம்பிகள் மயங்கிவிடுகிறார்கள். “பதினாறு மடங்கு காட்டும்ணே!” என்கிறார்கள். பால் வெட்டிச் சேர்த்த காசு, கொஞ்சம் நிதானிப்போம்.

8×25 என்று இருந்தால், 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 25 என்பது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். மடங்கு ஏற ஏறக் கைநடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். பார்க்கும் இடமும் சுருங்கும். பறக்கிற பருந்தை அதற்குள் பிடிப்பது லேசில்லை.

போர்ட்டிக்சன் பக்கம் தனியே கிடந்தாலும் நம் மலாக்காவைச் சேர்ந்ததுதான் தஞ்சோங் துவான். மார்ச் மாதம் போய்ப் பாருங்கள். சுமத்ராவிலிருந்து சுமார் 38 கிலோமீட்டர் கடலைத் தாண்டி, வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் கூட்டமாக வரும். அங்கே வெளிச்சத்துக்குக் குறைவில்லை; 8×25 போதும், சட்டைப்பையில் அடங்கும். 1,276 மீட்டர் லேடாங் மலை ஏறுவோருக்கும் அதுவே கழுத்துக்குச் சுகம்.

விடியற்காலையில் பால்மரக்காட்டு நிழலில் பன்றி பார்ப்பது வேறு கதை. 25ஐ 8ஆல் வகுத்தால் 3 மில்லிமீட்டர் சொச்சம்; கண்ணுக்கு வரும் வெளிச்ச வட்டம் அவ்வளவுதான். 8×32 என்றால் 4. கொஞ்சம் கனம், ஆனால் மங்கலில் கைகொடுக்கும். (வேட்டைக்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் வேண்டும், தம்பி!)

கடையிலேயே எதிர்வரிசைப் பெயர்ப்பலகையைப் பாருங்கள். எழுத்து இரண்டாகத் தெரிந்தால், எவ்வளவு மலிவானாலும் கீழே வைத்துவிடுங்கள்.